வாத்தியத்துக்கு வேலை கொடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தைவான் தீவின் தென்பகுதியில், காவ்சியுங் மாநகரத்தைச் சேர்ந்த ஹக்கா மொழி பேசும் மக்கள் வாழும் மெய்நோங் என்னும் ஊரைத் தங்கள் பாட்டுக்கு ஆதாரமாகக் கொண்டிருக்கும் ஷெங்ஷியாங் இசைக்குழுவினர் அனைவருக்கும்,



உங்கள் பாஷை தெரியாத, உங்கள் பாட்டுகளின் பொருளை மொழிபெயர்ப்பின் துணையால் மட்டுமே அறிந்துகொள்ளக்கூடிய ஒரு ரசிகன் இந்த மடலை எழுதுகிறேன். இதை உங்கள் விலாசத்துக்கு அனுப்பாமல் பத்திரிகையில் பலரும் படிக்கும்படி வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. உங்களைப் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர், 'பழமையும் புதுமையும் கலந்த சங்கீதம்' என்ற ஒரே வாசகத்தில் உங்கள் காரியம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்தப் பாராட்டே உங்கள் காரியத்தின் அருமையை மறைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். அதை உங்கள் காதில் மட்டும் சொல்வதைவிட, உங்களை இனிமேல் கேட்கப்போகிறவர்களும் அறியும்படி சொல்வதே பிரயோஜனமாக இருக்கும்.

பழைய வாத்தியம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, கிதாரும் டிரம்ஸும் முழங்குகிற மேடையின் ஒரு மூலையில் நிறுத்தி, பாட்டின் ஆரம்பத்திலும் முடிவிலும் சில வினாடிகள் ஊதவிட்டு, பாரம்பரியத்தைப் போற்றிவிட்டோம் என்று திருப்தியடைகிற வழக்கம் இன்று எல்லாத் தேசங்களிலும் பரவியிருக்கிறது. இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாயைப்போல அது அங்கே இருக்கிறது. இல்லாவிட்டாலும் விருந்து நின்றுவிடாது. உங்கள் பாட்டிலிருந்து சுவோனா என்னும் ஊதுவாத்தியத்தை எடுத்துவிட்டாலோ பாட்டு நடக்காது, ஏனென்றால் அந்த வாத்தியத்துக்கு நீங்கள் வேறு யாராலும் செய்யமுடியாத ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். வேலை இருக்கிறவரையில் எந்தச் சம்பிரதாயமும் சாவதில்லை, வேலை போன பிறகு எந்தக் கௌரவமும் அதைக் காப்பாற்றுவதில்லை என்ற உண்மையை, பிரசங்கம் செய்யாமல், கால் நூற்றாண்டாக நடத்திக் காட்டிவருகிறீர்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்குச் சான்றுகள்.

எங்கள் வாசகர்களின் பொருட்டு, நீங்கள் அறிந்த விஷயங்களையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கமும் மலைகள் சூழ்ந்த மெய்நோங்கில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளையும்; அறுவடை முடிந்த வயலில் குளிர்காலப் பயிராகப் புகையிலை ஏறும். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் வந்த இந்தப் பயிர், அரசாங்கமே ஒப்பந்தம் செய்து வாங்கிக்கொண்டபடியால், ஊரின் ஜீவனமாகவே ஆகிவிட்டது. புகை போவதற்காகக் கூரையின் உச்சியில் மற்றொரு சிறு கூரை எழுப்பிய உலர்த்தும் வீடுகள், ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, வயல்களுக்கிடையே நின்றன. பறித்த இலைகளைக் கழிகளில் கோத்து அந்த வீட்டுக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, அடுப்பின் சூடு ஏறாமலும் இறங்காமலும் இரவும் பகலும் ஒருவர் மாற்றி ஒருவர் கண்விழித்துக் காவல் இருக்க வேண்டும். பறிப்பதும் கோப்பதும் சுமப்பதும் ஒரு குடும்பத்தின் கைகளால் ஆகிற காரியங்கள் அல்லவாதலால், இன்று உன் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் நீங்கள் என்று கூலி பேசாமல் உழைப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே வேரூன்றியது. உங்களில் மூத்தவர்கள் 1999இல் முதல் இசைத்தொகுதியை வெளியிட்ட 'ஜியாவ்கோங்' குழு, அந்த ஏற்பாட்டின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது என்பதையும், அந்தத் தொகுதி ஒரு பழைய புகையிலை உலர்த்தும் வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிப் பதிவு செய்யப்பட்டது என்பதையும் எங்கள் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொகுதி வெறும் ரசனையின் பொருட்டுப் பிறந்ததல்ல. மெய்நோங்கின் மலைப் பள்ளத்தாக்கில், வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பேர்போன இடத்தில், ஒரு பெரிய அணையைக் கட்ட அரசாங்கம் 1990களின் தொடக்கத்தில் முனைந்தபோது, அணைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் குடியிருந்த ஜனங்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1993இல் கிழவர்களும் கிழவிகளும் உள்பட ஊரார் பஸ் ஏறித் தைபேக்குச் சென்று, சட்டசபையின் வாசலில் நின்று, தங்கள் மலைப்பாட்டுகளைப் பாடினார்கள். ஏழு அசை கொண்ட அடிகள் நான்காக அமைந்து, தேயிலைத் தோட்டத்திலும் மலைச்சரிவிலும் ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடும் அந்தச் சம்பிரதாயத்தில் காதலும் கேலியும் களைப்பும் உண்டு; மந்திரிகளை எதிர்த்து வாதாடும் வேலை அதற்கு அதுவரையில் கொடுக்கப்பட்டதில்லை. பாடலாசிரியர் ஜோங் யோங்ஃபெங்கும் பாடகர் லின் ஷெங்ஷியாங்கும் அந்தப் போராட்டத்தினூடே சேர்ந்து கண்டுபிடித்தது இதைத்தான்: பழைய பாட்டுக்குப் புதிய வேலை வந்துவிட்டது; வேலைக்குத் தகுந்தபடி அதன் உடம்பும் உரம் பெறவேண்டும்.

அந்த உரத்துக்காகவே நீங்கள் ஹக்காக்களின் 'பாயின்' வாத்தியக் குழுவை நாடினீர்கள். தென்பகுதி ஹக்கா ஊர்களில் சுவோனா ஒன்று, இரண்டு தந்தி கொண்ட வில்வாத்தியங்கள், மேளமும் தாளமும் என்று நாலு பேராக அமையும் அந்தக் குழு இல்லாமல் கல்யாணமும் இல்லை, கோயில் பூஜையும் இல்லை, சாவுச் சடங்கும் இல்லை. கூம்பு வடிவமான மர உடம்பும், அகன்ற பித்தளை வாயும், உதடுகளுக்கிடையே அடங்கும் இரட்டைச் சீவாளியும் கொண்ட சுவோனாவை எங்கள் நாகஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூக்கினால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயினால் விடாமல் ஊதும் அந்த வித்தையை நாங்கள் அறிவோம். வீதியில் ஊர்வலம் வரும்போது நான்கு தெருவுக்கு அப்பாலிருந்தே 'இன்ன வீட்டில் இன்ன காரியம்' என்று அறிவிக்கும் அதன் அதிகாரத்தையும் அறிவோம். ஒரே ஒரு வித்தியாசம்: எங்கள் நாகஸ்வரம் மங்கள வாத்தியம் என்று பெயர் பெற்றுவிட்டது; உங்கள் சுவோனா பிறப்புக்கும் இறப்புக்கும் ஒன்றுபோலவே பொதுவானது. ஆகவே அது உங்கள் பாட்டில் எழும்போது, ஊரைக் கூட்டுகிறதா, ஊருக்காக அழுகிறதா என்று கேட்கிறவன் ஒரு கணம் திகைக்கிறான். கிதாரால் இந்தத் திகைப்பை உண்டாக்க முடியாது. அதனால்தான் சுவோனா உங்களிடம் அலங்காரமாக இல்லை என்று சொன்னேன்.

2000ஆம் ஆண்டில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற சென் ஷூய்-பியான் தம் பதவிக்காலத்தில் அந்த அணையைக் கட்டுவதில்லை என்று அறிவித்தார். பாட்டு அணையைத் தடுத்தது என்று நான் சொல்லமாட்டேன், தடுத்தவர்கள் ஜனங்கள். ஆனால் வருஷக்கணக்கில் சலிக்காமல் கூடி நிற்பதற்கு ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைப் பழைய மலைப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொடுத்தவர்கள் நீங்கள்.

வெற்றியோடு நிறுத்திக்கொள்ளாமல், வெற்றிக்குப் பிறகும் ஊரின் வறுமை அப்படியே இருக்கிறது என்பதை 2001ஆம் ஆண்டின் 'சாமந்தியின் இரவு அணிவகுப்பு' என்னும் தொகுதியில் பாடினீர்களே, அதுதான் உங்களிடத்தில் என் மதிப்பை உயர்த்தியது. நகரத்தில் பிழைக்க முடியாமல் மோட்டார் சைக்கிளில் ஊர் திரும்பும் ஆச்செங் என்னும் வாலிபன், புகையிலைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று சாமந்தி பயிரிடுகிறான். பகல் குறுகினால்தான் சாமந்தி அரும்பும். அது சந்தை நோக்கும் நாளில் மலரவேண்டுமானால், அதுவரையில் இரவில் வயல் முழுவதும் விளக்கெரித்து, பகல் இன்னும் முடியவில்லை என்று செடியை ஏமாற்ற வேண்டும். கடன் பாரத்தில் உறக்கம் வராத ஆச்செங், வரிசை வரிசையாக வெளிச்சத்தில் விழித்து நிற்கும் பூக்களைப் பார்த்து, தான் ஒரு சேனாபதி என்றும் அவை தன் படை என்றும் பாவித்து ஆணையிடுகிறான். விவசாயியின் நிராதரவையும் ஹாஸ்யத்தையும் இவ்வளவு நெருக்கமாக ஒரே காட்சியில் வைத்த பாட்டுகள் எந்தப் பாஷையிலும் அதிகம் இருக்கமாட்டா. அடுத்த ஜனவரியிலேயே, 2002இல், தைவான் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேர்ந்தது. அரசாங்கத்தின் புகையிலை ஏகபோகமும் அந்த வருஷத்தோடு முடிந்தது. ஆச்செங்கின் கவலை கற்பனையாக இருக்கவில்லை.

அதே தொகுதியில், வியட்நாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் மெய்நோங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களையே பாடவைத்தீர்கள். 1995 முதல் ஊரில் நடந்துவந்த எழுத்தறிவு வகுப்பில் அட்சரம் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஹக்காக்களே ஒரு காலத்தில் வந்து குடியேறியவர்கள். இனிமேல் வருகிறவர்களுக்கும் இந்த ஊர்ப் பாட்டில் இடம் உண்டு என்பதை அந்தப் பாட்டு உபதேசம் செய்யாமல் செய்து காட்டியது. பாரம்பரியத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களில் பலர் முதலில் செய்வது வாசலைச் சாத்துவதுதான்.

2003இல் ஜியாவ்கோங் குழு கலைந்தது. சேர்ந்திருக்கும் எதுவும் ஒரு நாள் பிரியும். அதைப் பற்றி வெளியூர்க்காரன் பேசுவது மரியாதையல்ல. ஆனால் பிறகு நடந்ததைப் பற்றிப் பேசியே தீரவேண்டும். 2006இல் வெளிவந்த 'மரம் நடுதல்' தொகுதியில் ஒகினாவா தீவின் கிதார் கலைஞர் தகாஷி ஹிரயாசு லின் அவர்களோடு அமர்ந்தார். கென் ஓதாகேயின் கிதார் சேர்ந்தது. பின்னால் தோரு ஹயகாவாவின் பேஸ் கிதாரும் வந்து நிலைத்தது. 1895 முதல் 1945 வரையில் தைவானை ஆண்ட தேசத்தின் பிள்ளைகள், அந்த ஆட்சி கொண்டுவந்த புகையிலையால் வாழ்ந்து அதனாலேயே நொந்த ஊரின் பாட்டுக்குத் தந்தி மீட்டுகிறார்கள். நீங்கள் இதைப் பெரிதாகப் பறைசாற்றிக்கொள்ளவில்லை. சரித்திரத்தின் கணக்கைத் தீர்க்கிறோம் என்று பாவனையும் செய்யவில்லை. வயலில் கைமாற்றாக உழைத்தவர்களின் வழக்கப்படி, அவரவர் வல்ல வேலையை அவரவர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். 'கலப்பு' என்று ஜனங்கள் சொல்வது இதைத்தானென்றால், அந்தக் கலப்பில் யாரும் தம் சுபாவத்தை இழக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிதார் ஹக்காப் பாட்டின் நடைக்குக் காத்து நிற்கிறது. பாட்டு கிதாரின் சுரக்கோப்புக்காகத் தன் உச்சரிப்பின் ஏற்ற இறக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

யுவேச்சின் என்னும் உங்கள் சந்திர வீணையின் கதையும் இங்கே பொருந்தும். வட்டமான குடமும் இரண்டே தந்திகளும் கொண்ட அதைத் தழுவிக்கொண்டு, தைவானின் தென்கோடியான ஹெங்ச்சுன்னில் நினைத்தவுடன் கதை கட்டிப் பாடிய சென் தா என்னும் கிழவரை, 1967இல் நாட்டுப்பாடல் சேகரிக்கப் புறப்பட்ட சங்கீத அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். ஒலிப்பதிவு செய்தார்கள், தைபேக்கு அழைத்துவந்து பாடச் செய்தார்கள், தேசத்தின் பொக்கிஷம் என்றார்கள். அவ்வளவு கீர்த்திக்கும் பிறகு அவர் வறுமையிலும் மனக்கலக்கத்திலும் இருந்து, 1981இல் பஸ் மோதி இறந்துபோனார். போற்றுதல் வேறு, வாழவைத்தல் வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான திருஷ்டாந்தம் வேண்டுமா? நீங்கள் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தபோது, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தக்க புனிதப் பொருளாக அதைக் கருதவில்லை. மின்னொலி ஏற்றினீர்கள்; உங்கள் மேடைக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தீர்கள்; பேஸ் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நின்று தாக்குப்பிடிக்கும்படி பழக்கினீர்கள். சில பெரியவர்களுக்கு இது அபசாரமாகத் தோன்றக்கூடும். இரண்டு தந்தியின் அடக்கத்தை உங்கள் விரல்கள் மறக்காத வரையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி, உங்களோடு நான் முழுவதும் ஒத்துப்போக முடியாத ஒரு விஷயம். 2007இல் தைவானின் கோல்டன் மெலடி இசை விருது வழங்கும் விழாவில், 'மரம் நடுதல்' தொகுதிக்காகச் சிறந்த ஹக்காப் பாடகர், சிறந்த ஹக்காத் தொகுதி என்ற இரண்டு விருதுகளும் அறிவிக்கப்பட்டபோது, லின் அவர்கள் மேடையேறி, சங்கீதத்தைப் பாஷையைக் கொண்டு பிரிக்காமல் சங்கீதத்தின் வகையைக் கொண்டு பிரிக்கவேண்டும் என்று கூறி, விருதுகளை ஏற்க மறுத்தார். அந்தத் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஹக்காவில் பாடினான் என்பதனாலேயே ஒரு கலைஞனைத் தனித் தொழுவத்தில் கட்டிவைப்பது, அவனுடைய கலையைக் காதால் அளக்காமல் குலத்தால் அளப்பதுதான். ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய குழந்தைகளுக்குத் தண்டனை கிடைத்த காலம் உங்கள் தேசத்தில் வெகு தூரத்தில் இல்லை. இராணுவச் சட்டம் 1987இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஹக்காக்கள் தைபேயின் வீதிகளில் ஊர்வலம் போகவேண்டியிருந்தது. அத்தகைய ஒரு பாஷைக்கு விருதுப் பட்டியலில் ஓர் அறை ஒதுக்கப்படுவது, அறை சிறியதானாலும், அப்பட்டியலில் பெரிய பாஷையின் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகாமல் தடுக்கும் வரப்பாக இருக்கக்கூடும். திறமை மட்டுமே அளவுகோல் என்று சொல்லப்படும் இடங்களில், அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் எந்தப் பாஷையில் யோசிக்கிறான் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. உங்களைப்போன்ற பலவான்களுக்கு வரப்பு தேவைப்படாமல் இருக்கலாம்; உங்களுக்குப் பின்னால் இப்போதுதான் சுவோனாவில் முதல் ஸ்வரத்தை ஊதிப் பழகும் பையனுக்குத் தேவைப்படலாம்.

ஆனால் உங்கள் பிந்திய தொகுதிகளைக் கேட்கும்போது, என்னுடைய இந்த ஆட்சேபத்துக்கு நீங்கள் பாட்டினாலேயே பதில் எழுதிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. 2010இல், மெய்நோங்கின் மலையடிவாரத்தில் காசநோயோடு போராடிக்கொண்டே எழுதி 1960இல் மாண்ட நாவலாசிரியர் ஜோங் லிஹேயின் படைப்புகளைப் பாட்டாக்கினீர்கள். 2016இல் 'முற்றுகையிடப்பட்ட கிராமம்' என்னும் இரட்டைத் தொகுதியில், உங்கள் ஊரின் எல்லையைத் தாண்டி, பெட்ரோ ரசாயன ஆலைகளின் நிழலில் வாழும் மேற்குக் கடற்கரைக் கிராமங்களுக்குச் சென்றீர்கள். ஜுவோஷூய் நதியின் தென்கரையில் மாய்லியாவின் பிரம்மாண்டமான ஆலை. வடகரையில் தாய்சி என்னும் சிறு கிராமம். கோடையில் தென்றல் வீசினால் ஆலையின் புகை நதியைத் தாண்டி அந்த வீடுகளுக்குள் புகுகிறது. கவிகள் காலங்காலமாக இன்பத்தின் தூதனாகப் பாடிய தென்றலைக் கண்டு ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும்படி செய்த காலம் இது. அந்தப் பாட்டுகளில் சுவோனாவுக்கு மீண்டும் ஒரு வேலை கிடைத்தது. ராக் சங்கீதத்தின் இரைச்சல் ஆலையைப்போல் சூழ்ந்து நிற்க, அதை ஊடுருவிக்கொண்டு எழும் அந்தச் சீவாளியின் கூரிய ஒலி, இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று சாட்சி சொல்கிறது. ஹக்காக் கிராமமல்லாத ஒன்றின் துயரத்தை ஹக்காவில் பாடியபோது, பாஷை தொழுவமாகவும் இல்லை, வரப்பாகவும் இல்லை. அது வழியாக இருந்தது.

அந்தக் கோபத்துக்குப் பிறகு 2020இல் ஒரு தொகுதியின் வழியாக நீங்கள் சமையலறைக்குத் திரும்பியதைச் சிலர் ஓய்வு என்று நினைத்திருக்கலாம். அந்தத் தொகுதியின் தலைப்பில் வரும் யேலியான் என்னும் நீர்க்கீரை, மெய்நோங்கின் குளங்களில் விளைகிறது. மார்பளவு தண்ணீரில் ரப்பர் உடை அணிந்து இறங்கி, ஆளுயரத்தையும் மிஞ்சும் அதன் தண்டுகளை வேரோடு பிடித்திழுத்து, அலசி, சுருட்டிக் கட்டுகிறவர்களின் உழைப்பைப் பார்த்தால், அது ஓய்வின் பாட்டு அல்ல என்பது தெரியும். புகையிலை போன இடத்தில் சாமந்தி. அதற்கும் பின்னால் நீர்க்கீரை. பயிர் மாறுகிறது, உழைப்பு மாறவில்லை. அந்த உழைப்பைத் தொடர்ந்துகொண்டு நடப்பதால்தான் உங்கள் சங்கீதமும், ஒரு தொகுதியைப்போல் மற்றொன்று இராமல், மாறிக்கொண்டே ஒன்றாக இருக்கிறது.

முடிவாக ஒரு விண்ணப்பம். உங்களைப் பின்பற்றி இன்று பல இளைஞர்கள் பழைய வாத்தியங்களைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் உங்கள் ஓசையைப் பிரதி செய்தால் அது மறுபடியும் அலங்காரமாகத்தான் முடியும். அவர்கள் கற்கவேண்டியது உங்கள் வேலைமுறையை. பாட்டின் சொற்கள் பிறந்த கதையை யோங்ஃபெங் அவர்கள் 2022இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அதுபோல, வாத்தியத்தின் பக்கத்தையும் விரிவாக எழுதிவைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துளைகளில் நிலைத்துவிட்ட சுவோனாவின் ஸ்வரங்களைக் கிதாரின் சமநிலைச் சுருதியோடு இசைவிப்பதற்கு ஊதுகிறவர் உதட்டையும் மூச்சையும் எங்கே நெருக்குகிறார், எங்கே தளர்த்துகிறார்? நான்கு தெருவுக்குக் கேட்கும்படி பிறந்த ஒரு வாத்தியம் பாடுகிறவனின் குரலை மூழ்கடிக்காமல் அருகில் நிற்க எப்படிப் பழகிக்கொண்டது? எந்த இடத்தில் அதை மௌனமாக இருக்கச் சொன்னீர்கள், ஏன்? இவையெல்லாம் ஒத்திகை அறைக்குள் வாய்மொழியாகத் தீர்க்கப்பட்டு, பாட்டு வெளிவந்ததும் மறைந்துபோகிற நுட்பங்கள். கோயில் வாசலில் ஊதிக்கொண்டிருக்கும் மூத்த கலைஞர்களிடம் ஓர் இளைஞன் போய் நிற்கும்போது, அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை அந்த எழுத்து அவனுக்குச் சொல்லும்.

உங்களுடைய பாட்டுகளை எங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பாட்டு செய்யும் விதத்தையும் கொடுத்தால், மெய்நோங்கைப்போல் அணையோ ஆலையோ சந்தையோ நெருக்குகிற எந்த ஊராரும், தங்கள் சொந்த வாத்தியத்துக்குத் தங்கள் சொந்த வேலையைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

தங்கள் அன்புள்ள,
ஒரு தமிழ் ரசிகன்